புள்ளி கூடினால் கண் பிழைக்குமா?

போன மாதம் ஒரு சனிக்கிழமை மாலை. உத்திரமேரூரில் என் வைத்தியசாலையில் கூட்டம் ஓய்ந்திருந்த நேரம். முழங்கால் வலிக்குத் தைலம் வாங்க வந்த டீச்சரம்மா ஒருவர், பாட்டிலைப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பாமல் தயங்கி நின்றார்.

"ஐயா, உங்ககிட்ட இதைக் கேக்கலாமான்னு தெரியல. பையனுக்கு லேப்டாப் வாங்கணும். அவன் சிநேகிதங்க எல்லாம், 'இப்ப வாங்காதே, அடுத்து வர்ற மாடல்ல நாலு கே ஸ்கிரீன் வருது, புள்ளி ஜாஸ்தி, எத்தனை மணி நேரம் பார்த்தாலும் கண்ணுக்கு ஒண்ணும் ஆகாது'ன்னு சொல்றாங்களாம். முப்பதாயிரம் கூட ஆகுமாம். கண்ணுக்கு நல்லதுன்னா நகையை வெச்சாவது வாங்கிடலாம். நீங்க என்ன சொல்றீங்க?"

சித்த வைத்தியரிடம் போய் லேப்டாப்பைப் பற்றிக் கேட்பதா என்று சிரிக்காதீர்கள். தலைவலி, கண் எரிச்சல், கழுத்துவலி என்று என்னிடம் வருகிற பிள்ளைகளில் பாதிப்பேரை, நாடி பார்ப்பதற்கு முன்னால் "எவ்வளவு நேரம் ஸ்கிரீன் பார்க்கிறே?" என்றுதான் கேட்க வேண்டியிருக்கிறது. அதனால் இந்தப் புள்ளி விவகாரத்தை நானும் கொஞ்சம் படித்துத் தெரிந்துகொண்டேன். படிக்க வைத்தது ஒரு பெண். நான் செய்த தவறு என்றே சொல்ல வேண்டும். அதை அப்புறம் சொல்கிறேன்.

முதலில் இந்தப் 'புள்ளி' என்றால் என்ன?

மார்கழி மாதம் வாசலில் புள்ளிக்கோலம் போடுகிறீர்கள் அல்லவா? அதே வாசலில் 7 புள்ளிக் கோலமும் போடலாம், 21 புள்ளிக் கோலமும் போடலாம். இடம் ஒன்றுதான். புள்ளி கூடக் கூட இடைவெளி குறையும், வளைவு நயமாக வரும். லேப்டாப் திரையும் அப்படித்தான். 1366 × 768 என்றால் குறுக்கே 1366 புள்ளி, மேலிருந்து கீழே 768 வரிசை. பெருக்கினால் சுமார் பத்தரை லட்சம் புள்ளி. 1920 × 1080 என்றால் சுமார் 20 லட்சத்து 73 ஆயிரம், ஏறக்குறைய இரட்டிப்பு. நாலு கே என்கிறார்களே, அது 3840 × 2160. பெருக்கினால் சுமார் 83 லட்சம்!

கேட்கப் பிரமாதமாக இருக்கிறது. ஆனால் பார்க்கிற கண் ஒன்று இருக்கிறதே, அதற்கும் ஓர் அளவு உண்டு.

கண் ஆஸ்பத்திரிச் சுவரில் எழுத்துப் பலகை பார்த்திருப்பீர்கள். 1862இல் ஸ்நெல்லன் என்ற டச்சு நாட்டு மருத்துவர் அமைத்த முறை அது. நல்ல பார்வை உள்ளவர் எவ்வளவு மெல்லிய கோட்டைத் தனியாகப் பிரித்துப் பார்க்க முடியும் என்பதை அடிப்படையாக வைத்துத்தான் அந்த எழுத்துகளின் அளவை அவர் தீர்மானித்தார். அந்தக் கணக்கை லேப்டாப்புக்குப் போட்டுப் பார்த்தேன். இரண்டடி தூரத்தில் உட்கார்ந்தால் 6/6 பார்வை உள்ள கண் பிரித்துப் பார்க்கக்கூடியது சுமார் 0.18 மில்லிமீட்டர். ஒன்றரை அடியில் 0.13. ஒரு அடியில் 0.09.

இப்போது திரைக்கு வாருங்கள். 14 அங்குலத் திரையில் 1366 × 768 என்றால் ஒரு புள்ளியின் அளவு 0.23 மில்லிமீட்டர். அதாவது இரண்டடியிலும் கண்ணுக்குச் சொரசொரப்புத் தெரியும். அதே திரையில் 1920 × 1080 என்றால் 0.16. இரண்டடியில் கண்ணுக்குப் புள்ளி தெரியாது. தட்டச்சு செய்ய ஒன்றரை அடிக்கு வந்தால் உற்றுப் பார்த்தால் கொஞ்சம் தெரியலாம், தொந்தரவாக இராது. நாலு கேயில் ஒரு புள்ளி 0.08 மில்லிமீட்டர்.

டீச்சரம்மாவுக்கு இதைத்தான் ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டினேன். நாலு கேயின் முழு அருமையும் உங்கள் பிள்ளைக்குத் தெரிய வேண்டுமென்றால், அவன் முகத்தைத் திரைக்கு ஒரு அடி தூரத்தில் கொண்டுபோய் வைக்க வேண்டும். எந்த இடத்தில் முகத்தை வைக்காதே என்று நாம் தினமும் கத்துகிறோமோ, சரியாக அந்த இடத்தில்!

இந்தப் பேச்சே கைப்பேசியிலிருந்துதான் லேப்டாப்புக்கு வந்தது. 2010 ஜூன் மாதம் ஆப்பிள் நிறுவனம் ஐபோன் 4ஐ வெளியிட்டபோது, பத்துப் பன்னிரண்டு அங்குல தூரத்தில் பிடிக்கிற பொருளுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி இருந்தால் கண்ணால் பிரிக்க முடியாது என்று சொல்லி, அதற்கு ரெட்டினா திரை என்று பெயர் வைத்தார்கள். ரெட்டினா என்றால் விழித்திரை. அதே நிறுவனம் 2012இல் 15 அங்குல லேப்டாப்புக்கு 2880 × 1800 புள்ளி வைத்தபோது அங்குலத்துக்கு 220தான் வைத்தது. லேப்டாப்பைக் கொஞ்சம் தள்ளி வைத்துத்தான் பார்ப்பார்கள் என்ற கணக்கு! அந்தக் கணக்கை மற்றவர்கள் மறந்துவிட்டுப் புள்ளிப் போட்டியில் இறங்கிவிட்டார்கள். இன்று 14 அங்குலத்திலேயே 2880 × 1800 வைத்துப் பல மாடல்கள் வருகின்றன. அதுவே ஒன்றரை அடி தூரத்துக்குத் தேவைக்கு மேல். அதற்கும் மேலே எது வந்தாலும் அது விளம்பரத்துக்குத்தான், கண்ணுக்கு இல்லை என்பது என் அபிப்பிராயம். இத்தனை புள்ளிக்கும் மின்சாரம் வேறு வேண்டும், பாட்டரி சீக்கிரம் இறங்கும். எங்கள் ஊர்ப் பக்கம் மழைக்காலத்தில் கரண்ட் போனால் எப்போது வரும் என்று தெரியாது.

அப்படியானால் பழைய 1366 போதுமா என்று கேட்டால், போதாது என்பேன். அதுவும் தமிழ் படிக்கிற பிள்ளைக்குப் போதவே போதாது. இதைப் பற்றி யாரும் பேசக் காணோம். அதனால் நான் கொஞ்சம் விரிவாகவே பேசப் போகிறேன்.

செம்பா, சேம்பா?

பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் நான் படித்த நாட்களில், ஏட்டுச் சுவடி படிக்கத் தெரிந்த பெரியவர் ஒருவரிடம் ஞாயிற்றுக்கிழமைகளில் போய் உட்காருவேன். ஓலையில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை பொத்துக்கொள்ளும், கிழியும். குறில் நெடிலுக்கும் வித்தியாசம் காட்ட மாட்டார்கள். இரண்டுக்கும் ஒரே ஒற்றைக் கொம்புதான். இரட்டைச் சுழிக் கொம்பு வீரமாமுனிவர் காலத்துக்குப் பிறகு, பதினெட்டாம் நூற்றாண்டில் வந்தது. ஆக, ஓலையில் 'செமபு' என்று எழுதியிருக்கும். அது செம்பா, சேம்பா? ஒன்று உலோகம், இன்னொன்று கிழங்கு! முன்பின் பார்த்து, மருந்தின் போக்கை அறிந்து, குருவிடம் கேட்டுத்தான் முடிவு கட்ட வேண்டும். மாற்றிப் படித்தால் நோயாளியின் கதி என்னவென்று சொல்ல வேண்டுமா?

எங்கள் ஊர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919இலும் 921இலும் வெட்டிய குடவோலைத் தேர்தல் கல்வெட்டுகள் இருக்கின்றன. வெளியூரிலிருந்து பார்க்க வருகிறவர்கள், தமிழ்தானே என்று வாய்விட்டுப் படிக்கத் தொடங்கி, இரண்டாவது சொல்லிலேயே நின்றுவிடுவார்கள். எழுத்தின் வடிவம் பழசு என்பது ஒரு காரணம். சோழர் காலக் கல்வெட்டுகளில் பெரும்பாலும் புள்ளி வைக்காமல் விட்டிருப்பது இன்னொரு காரணம்.

அந்தச் சிரமம் எல்லாம் அச்சு வந்து தீர்ந்தது. அதைத் திரும்பக் கொண்டுவந்தது மட்டமான லேப்டாப் திரை!

யோசித்துப் பாருங்கள். ஆங்கிலத்தில் பல எழுத்துகளுக்கு நாலு கோடு போதும். நம்முடைய 'ண'வுக்கு மூன்று சுழி. கோடும் இடைவெளியுமாகத் தெளிவாய்க் காட்டப் பத்துப் பன்னிரண்டு புள்ளி அகலமாவது வேண்டும். 'ன'வுக்கும் 'ண'வுக்கும் ஒரே ஒரு சுழிதான் வித்தியாசம். மெய்யெழுத்தின் மேலே இருக்கிற புள்ளியோ, திரையில் ஒன்றிரண்டு புள்ளிதான். ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைக் கொம்புக்கும் உள்ள வேறுபாடு மேலே ஒரு குட்டிச் சுழி. புள்ளி குறைந்த திரையில், சிறிய அளவு எழுத்தில், இவை எல்லாம் சாம்பல் நிறமாய் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதே திரையில் ஆங்கிலம் பரவாயில்லாமல் இருக்கும். அதனால்தான் கடையில் ஆங்கிலப் படத்தையும் ஆங்கில எழுத்தையும் காட்டி விற்றுவிடுகிறார்கள். வீட்டுக்கு வந்து தமிழ்ப் பாடத்தைத் திறந்தால் பிள்ளையின் முகம் தானாகத் திரையை நோக்கிப் போகிறது.

முகம் முன்னால் போவதுதான் வியாதியின் ஆரம்பம். இப்போது அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன்.

ஆறு மாதம் நான் பார்த்த வைத்தியம்

2011 செப்டம்பர் 15ஆம் தேதி, திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில், தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. பிளஸ் டூ படித்த அரசுப் பள்ளிப் பிள்ளைகள் வீட்டுக்கெல்லாம் லேப்டாப் வந்த காலம். ரொம்ப நல்ல காரியம், அதில் எனக்கு இரண்டாவது பேச்சே இல்லை. எங்கள் சுற்றுவட்டாரத்தில் அதுவரை கம்ப்யூட்டரைத் தொட்டே பார்க்காத வீடுகள் எத்தனையோ. அப்போது வந்த பெட்டிகளில் பெரும்பாலும் 14 அங்குலத் திரை, 1366 × 768 புள்ளி. அன்றைக்கு விலை மலிவான லேப்டாப் எல்லாவற்றிலும் அதுதான் இருந்தது. குறை சொல்ல முடியாது.

இரண்டு வருடம் கழித்து, உத்திரமேரூருக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு தாய் தன் மகளை அழைத்து வந்தார். பெண் பிளஸ் டூ. நன்றாகப் படிக்கிற பெண். சாயங்காலமானால் நெற்றிப்பொட்டில் வலி, கண் எரிச்சல். நாடி பார்த்தேன். பித்தம் மிகுந்திருந்தது. கண்ணில் இருந்து பார்வையை நடத்துகிற பித்தத்துக்கு எங்கள் சாஸ்திரத்தில் ஆலோசகம் என்று பெயர், தமிழில் நோக்கழல் என்பார்கள். பரீட்சை நேரம், தூக்கம் இல்லை, தலைக்கு எண்ணெய் இல்லை. எல்லாம் பொருந்தி வந்தது. வாரம் இரண்டு நாள் எண்ணெய் முழுக்கு, பொன்னாங்கண்ணிக் கீரை, ராத்திரி திரிபலா, நெற்றிக்குப் பற்று என்று எழுதிக் கொடுத்தேன்.

வலி குறைந்தது. மூன்று வாரத்தில் திரும்ப வந்தது. மருந்தை மாற்றினேன். குறைந்தது. மறுபடி வந்தது. இப்படியே ஆறு மாதம் ஓடியது.

ஒருநாள் அடுத்த தடவை எப்போது வரலாம் என்று பேசும்போது, "எதிர்ல காலண்டர் மாட்டியிருக்கு பாரு பாப்பா, அமாவாசை என்னைக்குன்னு பார்த்துச் சொல்லு" என்றேன். அந்தப் பெண் எழுந்து, நடந்துபோய், சுவருக்கு ஒன்றரை அடி பக்கத்தில் நின்று படித்தாள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "இங்கேருந்து தெரியலியா?"

"தெரியாதுங்க ஐயா. ஸ்கூல்லயும் போர்டு தெரியாது. பக்கத்துல இருக்கிற பொண்ணைப் பார்த்து எழுதிக்குவேன்."

"வீட்ல கம்ப்யூட்டர் எப்படி பார்ப்பே?"

"கட்டில்ல படுத்துக்கிட்டு, வயித்து மேல வெச்சுப் பார்ப்பேன். எழுத்து மங்கலா, சின்னதா இருக்குது. பக்கத்துல வெச்சாதான் படிக்க முடியுது."

அன்றைக்கே காஞ்சிபுரத்துக்குக் கண் பரிசோதனைக்கு அனுப்பினேன். இரண்டு கண்ணிலும் மைனஸ் ரெண்டேகால். கண்ணாடி போட்ட இரண்டாவது வாரம் தலைவலி போன இடம் தெரியவில்லை. ஆறு மாதம் என் எண்ணெயும் கீரையும் செய்யாததை ஒரு கண்ணாடி செய்தது. அந்த வருடம் அவளுக்குக் கணக்கில் மார்க் குறைந்துவிட்டது. போர்டில் எழுதியது தெரியாமல் படித்தவளுக்கு வேறு எப்படி இருக்கும்? அந்தத் தாய் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்குத்தான் இன்றைக்கும் மனசில் இருக்கிறது.

லேப்டாப் அவளுக்குக் கிட்டப்பார்வையைக் கொடுத்துவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. அது முன்பே இருந்திருக்கலாம். ஆனால் அந்தத் திரை இரண்டு வேலை செய்தது. மங்கலான எழுத்தால் முகத்தைக் கிட்டே இழுத்தது. கிட்டே போனதும் நன்றாகத் தெரிந்ததால், பார்வையில் கோளாறு இருக்கிறது என்பதையே மறைத்துவிட்டது. "ஸ்கிரீன்தான் சரியில்லை" என்று அவளும் நினைத்தாள், வீட்டாரும் நினைத்தார்கள். நானோ பித்தத்தை நினைத்துக்கொண்டிருந்தேன்.

இதனால்தான் புள்ளி கூடின திரை நல்லது என்கிறேன், ஓரளவுக்கு. 14 அங்குலத்துக்கு 1920 × 1080 என்பது என் கணக்கில் குறைந்தபட்சம். 15.6 அங்குலமானாலும் அதே. அதில் இரண்டடி தள்ளி உட்கார்ந்து தமிழ் எழுத்தைத் தெளிவாகப் படிக்கலாம். இரண்டடியில் தெரியவில்லை என்றால் பழி திரை மேல் போகாது. உடனே கண்ணைப் பரிசோதிக்க வேண்டும் என்று தெரிந்துவிடும்.

கொரோனாவுக்குப் பிறகு அரசுத் திட்டம் நின்றுபோயிருந்தது. 2025 மார்ச் பட்ஜெட்டில், கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டில் கொடுப்பதாக அறிவித்து, முதல் கட்டமாக 2,000 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். 2026 ஜனவரியில் கொடுக்கவும் ஆரம்பித்தார்கள். அப்போது டீக்கடையிலிருந்து டிவி வரைக்கும் எல்லோரும் பேசியது ராம் எத்தனை ஜிபி, பிராசசர் என்ன, எந்தக் கம்பெனி என்றுதான். திரையில் எத்தனை புள்ளி என்று கேட்ட ஒரு பெற்றோரையும் நான் பார்க்கவில்லை. பிள்ளை நாள் முழுக்கப் பார்க்கப்போவது பிராசசரையா, திரையையா? இனி எந்த அரசு எந்த டெண்டர் விட்டாலும், "தமிழ் எழுத்து 12 புள்ளி அளவில் இரண்டடி தூரத்தில் தெளிவாகத் தெரிய வேண்டும்" என்று ஒரு வரி அதில் இருக்க வேண்டும் என்பது என் கோரிக்கை. ஆங்கிலத்தில் விளம்பரத் தாளைப் பார்த்து முடிவு செய்யக்கூடாது. ஒரு தமிழ்ப் பாடப்புத்தகப் பக்கத்தைத் திரையில் திறந்து வைத்துப் பார்த்து முடிவு செய்யட்டும். நம்ம வீட்டுக்கு வாங்கும்போதும் இதே பரீட்சைதான். கடையில் 'கண்ணன் மண்ணைத் தின்றான்' என்று தமிழில் அடிக்கச் சொல்லுங்கள். இரண்டடி தள்ளி நின்று சுழிகளை எண்ணுங்கள்.

ஒரு சின்ன விஷயம், பல வீடுகளில் நடக்கிறது. நல்ல திரையை வாங்கிவிட்டு, "எழுத்து பொடிசா இருக்கு" என்று புள்ளி எண்ணிக்கையைக் குறைத்து வைத்துவிடுகிறார்கள். புள்ளி அதிகமானால் ஒவ்வொரு எழுத்தும் சிறியதாகத் தெரியும், வாஸ்தவம். அதற்காக 1920ஐ 1366 ஆக்கினால், 21 புள்ளி வைத்த வாசலில் 15 புள்ளிக் கோலத்தை இழுத்துப் பொருத்துவது மாதிரி ஆகிவிடும். எல்லாம் கலங்கித் தெரியும். கொடுத்த காசும் வீண். விண்டோஸ் லேப்டாப்பில் டிஸ்பிளே செட்டிங்ஸ் போய், ரெசல்யூஷனை அது சொல்கிற உச்ச அளவிலேயே விட்டுவிட்டு, 'ஸ்கேல்' என்பதை மட்டும் 125 அல்லது 150 சதவீதமாக்குங்கள். எழுத்து பெரியதாகும், கூர்மையும் கெடாது. எனக்கு வெள்ளெழுத்து வந்து பல வருடமாகிறது. நான் 150தான் வைத்திருக்கிறேன், வெட்கமே இல்லை.

பூத்தொட்டித் திரை என்று கிராமத்துப் பையன் ஒருவன் சொன்னான், பூப்போல நிறம் காட்டுகிறதாம்! ஓஎல்இடி திரையைத்தான் சொல்கிறான். கருப்பு நிறம் நல்ல கருப்பாக இருக்கும், படம் பார்க்க அருமை. அடுத்து வருகிற லேப்டாப்புகளில் இது இன்னும் பெருகும் என்கிறார்கள். ஆனால் இந்த வகையில் பல திரைகள், வெளிச்சத்தைக் குறைத்து வைக்கும்போது கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணைந்து அணைந்து எரிகின்றன. எல்லோருக்கும் தொந்தரவு இல்லை. சிலருக்குத் தலைவலி வருகிறது. வாங்கின பிறகு தலைவலி தொடங்கினால் இதையும் சந்தேகப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். பளபளவென்று கண்ணாடி மாதிரி இருக்கிற திரையும் எனக்குப் பிடிப்பதில்லை. பின்னால் எரிகிற டியூப்லைட் அதில் தெரியும்.

புள்ளி எத்தனை கூடினாலும் தீராத ஒன்று இருக்கிறது. சாதாரணமாக நிமிடத்துக்கு 15 முதல் 20 தடவை நாம் கண் சிமிட்டுகிறோம். திரையை உற்றுப் பார்க்கும்போது அது பாதிக்கும் கீழே போய்விடுகிறது. சிமிட்டினால்தான் கண்ணீர் விழியின் மேல் பரவும். சிமிட்டாவிட்டால் காயும், எரியும், மண் விழுந்த மாதிரி உறுத்தும். பத்து லட்சம் புள்ளியானாலும் எண்பது லட்சம் புள்ளியானாலும் இது ஒன்றேதான். திரை அழகாக ஆக ஆக, பிள்ளை சிமிட்ட மறப்பதும் கூடும் என்பது என் சந்தேகம். இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை, இருபது அடிக்கு அப்பால் இருக்கிற எதையாவது, இருபது வினாடி பார்க்கச் சொல்கிறார்கள் கண் மருத்துவர்கள். ஜன்னல் வழியே வேப்பமரம் தெரிந்தால் போதும்.

கிட்டப்பார்வை வராமல் தடுக்க ஒரு வழி இருக்கிறது, அதற்கு ஒரு பைசா செலவில்லை. சீனாவில் குவாங்ஜோ நகரத்துப் பள்ளிகளில், முதல் வகுப்புப் பிள்ளைகளை தினம் 40 நிமிடம் கூடுதலாக வெளியே விட்டு மூன்று வருடம் கவனித்தார்கள். 2015இல் முடிவு வந்தது. வழக்கம்போல் இருந்த பள்ளிகளில் நூற்றுக்கு 40 பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வந்தது. வெளியே விட்ட பள்ளிகளில் நூற்றுக்கு 30. பகல் வெளிச்சம் அவ்வளவு வேலை செய்கிறது! எங்கள் ஊர் ஏரிக்கரையில் சாயங்காலம் ஒரு மணி நேரம் ஓடிவிட்டு வருகிற பிள்ளை எவ்வளவோ பாக்கியசாலி.

சித்த வைத்தியன் என்பதால் என்னிடம் கடைசியாக ஒரு கேள்வி கட்டாயம் வரும். "கண்ணாடி போடாம சரி பண்ண மூலிகை ஏதாவது இருக்கா ஐயா?"

எங்கள் நயனவிதி நூல்கள் கண்நோய் 96 என்று வகுத்து வைத்திருக்கின்றன. அத்தனைக்கும் மருந்து சொல்லியிருக்கிறது. எண்ணெய் முழுக்கு உடல் சூட்டைத் தணிக்கும், தூக்கத்தைக் கொடுக்கும். பொன்னாங்கண்ணி, முருங்கைக்கீரை, கறிவேப்பிலை, நெல்லிக்காய் இவற்றைத் தினம் சேருங்கள், கண்ணுக்கு நல்லதுதான். கண் காய்ந்து எரிகிற பிள்ளைக்கு இவற்றால் ஆறுதல் கிடைப்பதை நான் தினமும் பார்க்கிறேன். ஆனால் விழி நீண்டு கிட்டப்பார்வை வந்துவிட்டால், அதைக் கீரையால் திருப்ப முடியாது. பொன்னாங்கண்ணியை மண்டலம் சாப்பிட்டால் கண்ணாடியைக் கழற்றி எறியலாம் என்று சொல்கிறவர் என் சகோதர வைத்தியரே ஆனாலும், நம்பாதீர்கள். அந்தப் பெண்ணுக்கு நான் ஆறு மாதம் வீணாக்கினேன், அதை நீங்கள் திரும்பச் செய்ய வேண்டாம். அதோடு, கண்ணில் வெங்காயச் சாறு, தேன், தாய்ப்பால், விளக்கெண்ணெய் என்று எதையும் வீட்டில் விடாதீர்கள். கண் மருந்து என்றால் சுத்தமாக, முறைப்படி தயாரித்தது, முறையாகப் படித்த வைத்தியர் கையால்தான். யூடியூபில் பார்த்து விட்டுக்கொண்டு, சிவந்த கண்ணோடு என்னிடம் ஓடி வருகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபமே வருகிறது.

டீச்சரம்மா அன்றைக்கு இதையெல்லாம் கேட்டுக்கொண்டு, காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார். போன வாரம் தைலத்துக்குத் திரும்ப வந்தார். காத்திருக்கவில்லையாம். 14 அங்குலம், 1920 × 1080, பளபளப்பில்லாத திரை. நகை வீட்டிலேயே இருக்கிறது. மிச்சம் பிடித்த காசில் ஒரு மேஜையும், முதுகு சாய்கிற நாற்காலியும் வாங்கிப் போட்டிருக்கிறார். வாங்குவதற்கு முன்னால் பையனைக் கண் பரிசோதனைக்கு அழைத்துப் போனாராம். மைனஸ் ஒன்று இருந்திருக்கிறது. வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

"கண்ணாடி போட்டதும் அவன் என்ன சொன்னான் தெரியுமா ஐயா? 'அம்மா, வேப்பமரத்துல இலை தனித்தனியா இருக்கு'ன்னான்."